மைன்கிராஃப்ட்டில் பால்வெட்டு நேரம்: பொருட்களின் படத்தை மாற்றி ஆட்டத்தின் மனநிலையை மாற்றுவது எப்படி

மைன்கிராஃப்ட்டின் உலகம் எவ்வளவு பெரிதாக விரிந்தாலும், விளையாடுபவரின் கண் அதிகம் பார்ப்பது இரண்டே இடங்களைத்தான். ஒன்று, திரையின் அடியில் இருக்கும் ஒன்பது கட்டங்கள். இன்னொன்று, கையில் பிடித்திருக்கும் பொருள். மலை, கடல், வானம் எதையும் தொடாமல் இந்த இரண்டு இடங்களில் தெரிகிற படங்களை மட்டும் மாற்றினாலே ஆட்டம் வேறு ஊருக்குப் போய்விடும். முழு உலகத்தையும் திருப்பி வரைய ஆரம்பித்துப் பாதியில் கைவிட்டவர்கள் நிறைய. பத்துப் பன்னிரண்டு பொருட்களோடு நிறுத்திக்கொள்பவர்கள்தான் வேலையை முடிக்கிறார்கள்.

நான் எழுதுவது மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து. ரப்பர் நின்ற இடங்களில் இப்போது பெரும்பாலும் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நிற்கிறது. ஆனாலும் ரப்பர் மரப்பட்டையைக் கீறும் உளி, வடியும் பாலைப் பிடிக்கும் மங்கு, பால் வாளி எல்லாம் என்னவென்று வீட்டில் பெரியவர்களைக் கேட்டால் சொல்லிவிடுவார்கள். சில வீடுகளில் பொருளே பின்கட்டில் கிடக்கும். மைன்கிராஃப்ட் நமக்குத் தருவதோ ஐரோப்பியக் கிராமத்துச் சாமான்கள்: கோதுமை ரொட்டி, நீண்ட வாள், தேன் குப்பி. இவற்றின் இடத்தில் தோட்டத்துப் பொருட்களை வைப்பதையே இந்தக் கட்டுரை முழுக்க உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். உங்கள் விருப்பம் வேறாக இருந்தாலும் செய்முறை இதேதான்.

ஒரு முன்குறிப்பு. கோப்புகளின் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். கணினியில் அவை ஆங்கிலச் சிற்றெழுத்தில் இருக்கும். எழுத்துக்கூட்டலைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். ஏறக்குறைய எல்லாப் பெயரையும் மூலக் கோப்பிலிருந்து அப்படியே படியெடுக்கும் வழியைத்தான் சொல்லப்போகிறேன்.

முதலில் நிறம்

வரையும் மென்பொருளைத் திறப்பதற்கு முன் எந்த நேரம், என்ன வெளிச்சம் என்று முடிவு செய்யுங்கள். "தோட்டம்" என்று மட்டும் சொன்னால் போதாது. பகல் பன்னிரண்டு மணித் தோட்டம் வேறு, விடியாத தோட்டம் வேறு.

நான் எடுத்துக்கொள்வது பால்வெட்டு நேரம், அதாவது ரப்பர் மரத்தைக் கீறிப் பால் எடுக்கும் நேரம். குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். அதனால்தான் வெட்டுக்காரர்கள் இருட்டிலேயே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். அந்த வெளிச்சம் ஒரு சின்ன வட்டம். அதற்கு வெளியே எல்லாம் நீலம் கலந்த கறுப்பு. இந்தக் காட்சியிலிருந்து ஐந்து நிறங்களைப் பிரிக்கலாம்: ஈரமான கரும்பச்சை, கரிநீலம், செம்மண் பழுப்பு, பாலின் தந்த வெள்ளை, விளக்கின் மஞ்சள். ஒவ்வொன்றுக்கும் இருண்டது, நடுத்தரம், வெளிறியது என்று மூன்று சாயல் வைத்துக்கொண்டால் மொத்தம் பதினைந்து நிறம். அதற்கு மேல் வேண்டாம். இவற்றை ஒரு சிறிய படத்தில் கட்டம் கட்டமாகப் பூசிச் சேமித்துவிடுங்கள். இனிமேல் எந்தப் பொருளை வரைந்தாலும் நிறத்தை அந்தப் படத்திலிருந்து மட்டுமே உறிஞ்சி எடுக்க வேண்டும்.

இப்போது முக்கியமான விதி. மஞ்சளை உணவுக்கும் விளக்குக்கும் மட்டும் கொடுங்கள். ஆயுதம், வாளி, கல், கயிறு எல்லாம் குளிர்ந்த நிறத்தில் கிடக்கட்டும். உயிர்பிழைக்கும் ஆட்டத்தில் பசிக்கோடு இறங்கிக்கொண்டே இருக்கும். இரவில் அடிபட்டு இதயம் இரண்டாகக் குறைந்திருக்கும்போது விளையாடுபவர் கட்டங்களை எட்டிப் பார்ப்பார். அந்த நேரத்தில் ஒன்பது கட்டங்களில் ஒன்று மட்டும் மஞ்சளாக இருந்தால், அது சாப்பாடு என்று படிக்காமலேயே தெரியும். எல்லாவற்றையும் அழகாக, பளபளப்பாக வரைந்தால் இந்த உணர்வு வராது. பல பேக்குகள், அதாவது ஆட்டத்தின் படங்களை மாற்றும் கோப்புத் தொகுப்புகள், பார்க்க நன்றாக இருந்தும் ஆடும்போது ஒன்றும் தோன்றாமல் போவதற்கு இதுதான் காரணம் என்பது என் கணிப்பு.

வேறு மனநிலை வேண்டும் என்பவர்களுக்கு இரண்டு யோசனை. ஜப்பான்காரன் காலம், அதாவது மலாயா ஜப்பானியர் பிடியில் இருந்த 1941 கடைசியிலிருந்து 1945 வரை: அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கைத் தின்று காலம் தள்ளிய தலைமுறையின் கதை. எல்லா உணவையும் சாம்பலும் மண்ணும் கலந்த நிறத்தில் வரைந்து, கிழங்கை மட்டும் வெள்ளையாக விடலாம். இன்னொன்று அவசரகாலம், அதாவது கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராக ஆங்கிலேய ஆட்சி அறிவித்தது. 1948 ஜூன் 16இல் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய அதிகாரிகள் கொல்லப்பட்ட பிறகுதான் அது அறிவிக்கப்பட்டது. உணவு காட்டுக்குள் இருந்த கெரில்லாக்களுக்குப் போகக்கூடாது என்பதற்காகக் கடைகளில் டின்களில் ஓட்டை போட்டே விற்ற காலம் அது. ஓட்டை போட்ட டின் ஒன்றை 16 பிக்சலில் வரைய முடியும். நன்றாகவே வரும்.

எதை எதுவாக மாற்றுவது

ஆட்டத்தில் பொருள் என்ன வேலை செய்கிறதோ அதற்குப் பொருந்துகிற தோட்டத்துச் சாமானைத் தேடுங்கள். உருவம் ஒத்துப்போவதைவிட வேலை ஒத்துப்போவது பெரிது.

கோடரியை உளியாக்குகிறேன். மைன்கிராஃப்ட்டில் கோடரியைப் பிடித்து மரத்தில் வலது கிளிக் செய்தால் பட்டை உரியும். பால்வெட்டுக்கு இதைவிடப் பொருத்தமான செயல் ஆட்டத்தில் கிடையாது. வாள், காடு வெட்டும் பாராங் கத்தி ஆகட்டும். மரக்கிண்ணம் மங்கு. பச்சை நிறத்தில் ஒட்டிக்கொள்ளும் அந்த ஸ்லைம் உருண்டையைக் கட்டிப்பால் ஆக்கலாம். மங்கில் உறைந்து கிடக்கும் கட்டிப்பாலும் கையில் ஒட்டும். அதன் வாடையைத்தான் படத்தில் கொண்டுவர முடியாது, நல்லவேளை. சுட்ட உருளைக்கிழங்கு அவித்த மரவள்ளி. ரொட்டி, வாழையிலையில் மடித்த நாசி லெமாக் (தேங்காய்ப்பால் சோறு) பொட்டலம். பிஸ்கட், முறுக்கு. தேன் குப்பி, பிளாஸ்டிக் பையில் கட்டிய தே ஓ, அதாவது பால் சேர்க்காத தேநீர்.

காலி வாளியைப் பால் வாளியாக வரையலாம். ஆனால் பால் நிறைந்த வாளியை ரப்பர் பாலாக மாற்றுவதற்கு முன் யோசியுங்கள். ஆட்டத்தில் அதைக் குடித்தால் விஷம் தெளியும். ரப்பர் பாலைக் குடித்து உடம்பு தேறுகிறது என்றால் பார்க்கிற பாட்டி சிரிப்பார். அதை மாட்டுப்பாலாகவே விட்டுவிடுங்கள்.

தாதுக்கள், ரெட்ஸ்டோன், மந்திர மருந்துக் குப்பிகள் இவற்றைத் தொட வேண்டாம். மருந்துக் குப்பியில் உள்ளே இருக்கும் திரவம் தனிப் படம். அதற்கு நிறம் பூசுவது ஆட்டமே. அந்த வேலையெல்லாம் பழகிய பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

தேவையானவையும் மூலப் படங்களும்

கணினியில் ஓடும் ஜாவா பதிப்பு வேண்டும். கைப்பேசியில் ஓடுவது பெட்ராக் பதிப்பு. அதைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன். பழைய மடிக்கணினி என்றாலும் பரவாயில்லை. 16க்கு 16 பிக்சல் படங்கள் கணினிக்குச் சுமையே இல்லை. 256, 512 பிக்சல் பேக்குகள்தான் நினைவகம் குறைந்த கணினியைத் திணறடிக்கும்.

வரைவதற்குக் கிம்ப், பெயிண்ட் டாட் நெட், லிப்ரெஸ்ப்ரைட், பிக்சலோரமா இவற்றில் ஏதாவது ஒன்று போதும். எல்லாம் இலவசம். எதையும் நிறுவ முடியாத கணினி என்றால் உலாவியிலேயே ஓடும் பிஸ்கெல் இருக்கிறது. வின்டோஸோடு வரும் பழைய பெயிண்ட் வேண்டாம். பின்னணி ஒளிபுகும் தன்மையை அது அழித்துவிடும், பொருளைச் சுற்றி வெள்ளைக் கட்டம் வந்து நிற்கும்.

இனி மூலப் படங்களை எடுப்போம். விண்டோஸ் பொத்தானையும் ஆர் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். வரும் பெட்டியில் இரண்டு சதவீதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று அடித்து என்டர் தட்டினால் ஒரு கோப்புறை திறக்கும். அதில் புள்ளியோடு தொடங்கும் மைன்கிராஃப்ட் கோப்புறை, அதற்குள் வெர்ஷன்ஸ், அதற்குள் நீங்கள் ஆடும் பதிப்பின் எண், உதாரணத்துக்கு 1.20.1. அங்கே ஜார் என்று முடியும் ஒரு கோப்பு இருக்கும். அதைத் திறக்காமல் மேசைத்திரைக்குப் படியெடுங்கள். ஜார் என்பது உண்மையில் ஒரு சிப் கோப்புதான். செவன்சிப் போன்ற மென்பொருளில் திறந்து, அசெட்ஸ் என்ற கோப்புறையை மட்டும் வெளியே இழுத்துப் போடுங்கள். அதுதான் உங்கள் மூலச் சரக்கு. அதை அப்படியே பத்திரமாக வையுங்கள், அதன் மேல் எதையும் வரையாதீர்கள்.

இப்போது வேலைக்கென்று ஒரு புதிய கோப்புறை. பெயர் ஆங்கிலச் சிற்றெழுத்தில், நடுவே இடைவெளி இல்லாமல் இருக்கட்டும். அதற்குள் மூலத்தில் இருப்பதுபோலவே அசெட்ஸ், அதற்குள் மைன்கிராஃப்ட், அதற்குள் டெக்ஸ்ச்சர்ஸ், அதற்குள் ஐட்டம் என்று ஒன்றுக்குள் ஒன்றாக வையுங்கள். மாற்றப்போகும் படங்களை மட்டும் மூலத்தின் ஐட்டம் கோப்புறையிலிருந்து இங்கே படியெடுங்கள். பெயரை மாற்றாதீர்கள். உளியாக மாறினாலும் கோப்பின் பெயர் கோடரியாகவே இருக்க வேண்டும். ஆட்டம் பெயரைப் பார்த்துத்தான் படத்தை எடுக்கும்.

எந்தப் பொருளின் கோப்பு எது என்று தெரியாவிட்டால், ஆட்டத்தில் எஃப்3யையும் எச் பொத்தானையும் சேர்த்து அழுத்துங்கள். அதன் பிறகு எந்தப் பொருள்மேல் சுட்டியை வைத்தாலும் அதன் உண்மையான பெயர் அடியில் வரும். பெரும்பாலான பொருட்களுக்குக் கோப்பின் பெயரும் அதுவே.

பழைய பாடங்களைப் பார்த்துச் செய்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: 1.13க்கு முன் அந்தக் கோப்புறையின் பெயர் ஐட்டம்ஸ் என்று பன்மையில் இருந்தது. 1.13இலிருந்து ஒருமை. இந்த ஓரெழுத்து வித்தியாசத்தில் மாட்டி மணிக்கணக்காகத் தலையைச் சொறிந்தவர்கள் உண்டு.

உளியை வரைதல்

முதலில் இரும்புக் கோடரியை எடுங்கள். கிம்ப்பில் திறந்ததும் இமேஜ் பட்டியலில் மோட் என்பதற்குப் போய் ஆர்ஜிபி என்று மாற்றுங்கள். மூலப் படங்கள் பல குறிப்பிட்ட சில நிறங்களோடு மட்டும் பூட்டப்பட்டிருக்கும். மாற்றாவிட்டால் நீங்கள் மஞ்சள் தொட்டாலும் சாம்பல் விழும். அப்புறம் தூரிகையைத் தொடாதீர்கள். பென்சில் கருவி, அளவு 1. அழிப்பானில் ஹார்ட் எட்ஜ் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஓரங்கள் மெத்தென்று கரையக்கூடாது, ஒவ்வொரு பிக்சலும் வெட்டினாற்போல் நிற்க வேண்டும்.

கருவிகளை ஆட்டம் மூலைவாட்டாகப் பிடிக்கும். கைப்பிடி கீழே இடது மூலையில், வெட்டும் பகுதி மேலே வலது மூலையில். இந்தத் திசையை மாற்றினால் உங்கள் ஆள் கத்தியை முனையில் பிடித்துக்கொண்டு நிற்பான்.

படத்தை முழுக்க அழித்துவிட்டு இடது கீழ் மூலையிலிருந்து ஆரம்பியுங்கள். ஆறு பிக்சல் நீளத்துக்கு மூலைவாட்டில் கைப்பிடி, இரண்டு பிக்சல் தடிமனில். கீழ்ப்பக்க ஓரத்துக்கு இருண்ட செம்மண் பழுப்பு, மேல்பக்கத்துக்கு நடுத்தரப் பழுப்பு. கட்டைவிரல் படும் இடத்தில், அதாவது கைப்பிடி முடிவதற்கு ஒரு பிக்சல் முன்னால், வெளிறிய பழுப்பு ஒன்றே ஒன்று. பல வருடம் பிடித்துத் தேய்ந்த இடம் அது. அங்கிருந்து மேலே ஐந்து பிக்சல் இரும்புத் தண்டு, ஒரே பிக்சல் தடிமன், கரிநீலம். முனையில் நேராக விடக்கூடாது. உளியின் வாய் மடிந்திருக்கும். அதனால் கடைசி மூன்று பிக்சலை வலப்பக்கமாக ஒன்று, கீழ்நோக்கி இரண்டு என்று கொக்கிபோல் திருப்புங்கள். அந்தக் கொக்கியின் வெளி ஓரத்தில் தந்த வெள்ளை ஒரு பிக்சல். தீட்டிய கூர் அதுதான்.

கடைசியாக, தண்டும் கைப்பிடியும் சேரும் கழுத்தில் வெளிறிய வெள்ளையில் இரண்டு பிக்சல். காய்ந்து ஒட்டிய பால். இதை விட்டுவிட்டால் அது எந்த ஊர்க் கருவியாகவும் இருக்கலாம். இந்த இரண்டு பிக்சல் வந்ததும் தோட்டத்து உளி ஆகிவிடும்.

சுற்றிலும் கறுப்புக் கோடு போடாதீர்கள். அந்தந்தப் பகுதியின் சொந்த நிறத்தில் இருண்ட சாயலையே ஓரமாக வையுங்கள். வெளிச்சம் மேலே இடப்புறத்திலிருந்து விழுவதாக வைத்து எல்லாப் பொருளையும் வரைந்தால் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஆட்டத்தின் சொந்தப் படங்களும் பெரும்பாலும் அப்படித்தான்.

வரையும்போது படம் பத்து மடங்கு பெரிதாகத் தெரியும். அந்த அளவில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். அடிக்கடி நூறு சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். அந்தச் சின்ன அளவில் உளியும் பாராங்கும் ஒரே மாதிரி தெரிந்தால் உருவத்தை மாற்ற வேண்டும், நிறத்தை அல்ல. சண்டை நேரத்தில் கண் உருவத்தைத்தான் பிடிக்கும்.

கோடரியில் மரம், கல், இரும்பு, தங்கம், வைரம், நெதரைட் என்று பல தரம் உண்டு. பிந்திய பதிப்புகளில் செம்பும் சேர்ந்திருக்கிறது. எல்லாவற்றையும் புதிதாக வரைய வேண்டியதில்லை. இரும்பு உளியைப் படியெடுத்துத் தண்டின் நிறத்தை மட்டும் மாற்றினால் போதும். வைரத்தின் பளிச்சென்ற வெளிர்நீலம் விடியற்காலை மனநிலையைக் கெடுக்கும். அதை மூட்டம் போட்ட நீலமாக இறக்குங்கள். தங்கத்துக்கு மஞ்சள் கொடுக்கக் கை துறுதுறுக்கும். கொடுக்காதீர்கள். மஞ்சள் உணவுக்கும் விளக்குக்கும் என்று முடிவு செய்தாகிவிட்டது. மங்கிய பித்தளைப் பழுப்பு தங்கத்துக்குப் போதும்.

உணவு

தே ஓ பொட்டலத்தை ஏழு பிக்சல் அகலம், எட்டு பிக்சல் உயரத்தில் வரையுங்கள். அடிப்பாகம் கொஞ்சம் புடைத்து, மேலே கழுத்து மூன்று பிக்சலாகக் குறுகட்டும். உள்ளே தேநீர் இருண்ட தேன் நிறம், நடுவே விளக்கு மஞ்சள். இடது ஓரத்தில் மேலிருந்து கீழாக வெளிறிய பிக்சல் நான்கு போட்டால் பிளாஸ்டிக் மினுமினுப்பு வந்துவிடும். கழுத்தில் சிவப்பு ராஃபியா கயிறு ஒரு வரி. மேலே ஒரு பக்கமாகச் சாய்ந்த உறிஞ்சுகுழல். கயிற்றின் சிவப்பு பதினைந்து நிறங்களில் இல்லையே என்றால், செம்மண் பழுப்பின் வெளிறிய சாயலையே கொடுங்கள். பக்கத்தில் மஞ்சள் இருப்பதால் கண் அதைச் சிவப்பாகவே எடுத்துக்கொள்ளும்.

முறுக்கு எளிது: வட்டத்துக்குள் ஒரு சுருள், இடைவெளிக்கு இருண்ட பழுப்பு. நாசி லெமாக் பொட்டலத்தில் கூம்பு உருவம்தான் எல்லாம். கரும்பச்சைக் கூம்பு, உச்சியில் ஒரு மடிப்பு, பக்கத்தில் சற்றுப் பிரிந்து சோறும் சம்பாலும் மஞ்சளில் எட்டிப் பார்க்க வேண்டும். இலையை மூடியே வரைந்தால் கட்டத்தில் அது ஏதோ செடிபோல் தெரியும்.

விளக்கு

தீப்பந்தத்தின் படம் ஐட்டம் கோப்புறையில் இருக்காது. அதன் பக்கத்தில் உள்ள பிளாக் கோப்புறையில் இருக்கும். அங்கிருந்து எடுத்து, உங்கள் பேக்கிலும் டெக்ஸ்ச்சர்ஸுக்குள் பிளாக் என்று கோப்புறை வைத்து அதில் போடுங்கள். கையில் தெரிவதும் சுவரில் நட்டது தெரிவதும் ஒரே படம். நடுவே இரண்டு பிக்சல் அகலத்துக்குள் மட்டும் வரையுங்கள், வெளியே வழிந்தால் சுவரில் அசிங்கமாக நிற்கும்.

படத்தை எவ்வளவு மங்கலாக்கினாலும் தீப்பந்தத்தின் ஒளி அளவு 14தான். படம் ஆட்டத்தின் விதியைத் தொடாது. கையில் பிடித்துக்கொண்டு நடந்தால் வெளிச்சம் வராது என்பதும் மாறாது. நெற்றி விளக்கு ஆசையை அங்கேயே விட்டுவிட வேண்டியதுதான்.

மந்திரம் ஏற்றிய ஆயுதத்தின்மேல் ஓடும் ஊதா மினுமினுப்பு தனிப் படம். டெக்ஸ்ச்சர்ஸுக்குள் மிஸ்க் என்ற கோப்புறையில் இருக்கிறது. அதைப் பாதிக்குப் பாதி இருட்டாக்கிச் சேர்த்தால் உளி டிஸ்கோ விளக்குபோல் மின்னாது. சிறிய வேலை, பலன் பெரிது.

பேக்காக மாற்றுதல்

ஆட்டம் இதை ஒரு ரிசோர்ஸ் பேக் என்று அடையாளம் காண ஒரு குறிப்புக் கோப்பு வேண்டும். பெயர் பேக் புள்ளி எம்சிமெட்டா. உங்கள் கோப்புறையின் முதல் மட்டத்தில், அசெட்ஸுக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். அடைப்புக்குறியும் மேற்கோள்குறியும் ஒன்று குறைந்தாலும் வேலை செய்யாது. அதனால் புதியவர்கள் இதைத் தாங்களாக அடிக்க வேண்டாம். நீங்கள் ஆடும் அதே பதிப்புக்கான ஏதாவது ஓர் இலவச பேக்கை இறக்கி, அதிலிருந்து இந்தக் கோப்பை மட்டும் படியெடுங்கள். நோட்பேடில் திறந்து, டிஸ்கிரிப்ஷன் என்பதற்கு எதிரே மேற்கோள்குறிக்குள் இருக்கும் வரியை உங்கள் விளக்கமாக மாற்றிச் சேமித்தால் முடிந்தது.

அதில் பேக் ஃபார்மட் என்று ஓர் எண் இருக்கும். அது பதிப்பைக் குறிக்கிறது. 1.16.5க்கு 6, 1.20க்கும் 1.20.1க்கும் 15, 1.21க்கும் 1.21.1க்கும் 34, 1.21.4க்கு 46. 1.21.9இலிருந்து குறைந்தபட்சம், அதிகபட்சம் என்று இரண்டாகக் கேட்கிறது. எண் பொருந்தாவிட்டால் ஆட்டம் சிவப்பில் எச்சரிக்கும். ஆனாலும் ஏற்ற முடியும், பெரும்பாலும் படங்கள் சரியாகவே வரும்.

ஆட்டத்தில் ஆப்ஷன்ஸ், அதில் ரிசோர்ஸ் பேக்ஸ், அதில் ஓபன் பேக் ஃபோல்டர். திறக்கும் இடத்தில் உங்கள் கோப்புறையை அப்படியே போடுங்கள். வேலை நடக்கும்வரை சிப் செய்ய வேண்டாம். திரும்பி வந்தால் இடப்புறப் பட்டியலில் உங்கள் பேக் நிற்கும். அதை வலப்புறத்துக்கு நகர்த்துங்கள். பல பேக்குகள் இருந்தால் மேலே இருப்பதுதான் ஜெயிக்கும்.

இனி ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஆட்டத்தை மூடித் திறக்கத் தேவையில்லை. படத்தைச் சேமித்துவிட்டு எஃப்3யையும் டீ பொத்தானையும் சேர்த்து அழுத்தினால் படங்கள் மீண்டும் ஏறும். சில மடிக்கணினிகளில் எஃப்என் பொத்தானையும் பிடிக்க வேண்டும். கிரியேட்டிவ் முறையில் ஓர் உலகம் திறந்து, எல்லாப் பொருளையும் கட்டத்தில் அடுக்கி, நேரத்தை இரவுக்கு மாற்றிப் பாருங்கள். பகலில் மட்டும் சோதிப்பவர்கள் இரவில் ஏமாந்துபோவார்கள்.

பெயர்

உளி கையில் இருந்தும் திரையில் இரும்புக் கோடரி என்று ஆங்கிலத்தில் வந்தால் என்ன சுகம்? மைன்கிராஃப்ட் உள்கோப்புறைக்குள், டெக்ஸ்ச்சர்ஸுக்குப் பக்கத்தில் லாங் என்று ஒரு கோப்புறை. மூலத்தில் அதே இடத்தில் ஆங்கில மொழிக் கோப்பு இருக்கிறது. அதைப் படியெடுத்து, உங்களுக்கு வேண்டிய பொருட்களின் வரிகளை மட்டும் வைத்துவிட்டு மற்றதை அழியுங்கள். தொடக்கத்திலும் முடிவிலும் உள்ள நெளிவு அடைப்புக்குறிகள் இருக்க வேண்டும். கடைசி வரியின் முடிவில் காற்புள்ளி இருக்கக்கூடாது. முக்காற்புள்ளிக்கு வலப்பக்கம் இருக்கும் பெயரை மட்டும் தமிழில் மாற்றி, யுடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள். விட்டுப்போன வரிகளை ஆட்டம் தன் சொந்தக் கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளும்.

ஏற்றிய பிறகு எழுத்துகளைக் கவனியுங்கள். கொம்பு, கால் உள்ள எழுத்துகள் இடம் மாறித் தெரிந்தால் அவை வராத பெயராகப் பார்த்து வையுங்கள். உளி, மங்கு, முறுக்கு மூன்றுமே அந்த வகையில் தப்பித்துவிடும்.

வராவிட்டால்

பக்கத்து வீட்டுத் தம்பி ஒருவன் "அண்ணே, என் வாளி பர்ப்பிள் கறுப்புக் கட்டமா தெரியுது" என்று வந்து நின்றான். ஜேபெக் படத்தின் பெயரை மட்டும் பிஎன்ஜி என்று மாற்றியிருந்தான். பெயரை மாற்றினால் கோப்பின் வகை மாறாது. வரையும் மென்பொருளில் திறந்து பிஎன்ஜியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும்.

பேக் பட்டியலிலேயே வரவில்லை என்றால் இரண்டு காரணங்களைப் பாருங்கள். ஒன்று, நோட்பேட் குறிப்புக் கோப்பின் வாலில் டிஎக்ஸ்டி என்று ஒட்டியிருக்கும், வின்டோஸ் அதை மறைத்துவைத்திருக்கும். வியூ பட்டியலில் கோப்பு வால்களைக் காட்டச் சொல்லி அதை நீக்குங்கள். இரண்டு, கோப்புறைக்குள் அதே பெயரில் இன்னொரு கோப்புறை இருக்கும். சிப்பைப் பிரிக்கும்போது இப்படி ஆகும்.

பேக் வந்தும் பொருள் பழையபடியே இருந்தால், கோப்பின் பெயரில் பெரிய எழுத்து இருக்கிறதா, ஐட்டம் கோப்புறை சரியான ஆழத்தில் இருக்கிறதா என்று மூலத்தோடு ஒப்பிடுங்கள். படம் மங்கலாகத் தெரிந்தால் பெரிதாக வரைந்து சுருக்கியிருக்கிறீர்கள் என்று அர்த்தம். ஆரம்பத்திலிருந்தே 16க்கு 16இல் வரையுங்கள். வில்லின் படத்தை மாற்றியும் இழுக்கும்போது பழைய வில் வந்தால் திகைக்க வேண்டாம். இழுப்பதற்கு மூன்று தனிப் படங்கள் இருக்கின்றன, அவற்றையும் வரைய வேண்டும். சட்டை, தலைக்கவசம் போன்றவற்றில் கட்டத்தில் தெரியும் படம் வேறு, உடம்பில் தெரியும் படம் வேறு.

நண்பர்களுக்கு அனுப்புதல், கைப்பேசி

அனுப்புவதற்கு முன் பேக்குக்குள் நீங்கள் வரைந்த படங்கள் மட்டும் இருக்கின்றனவா என்று பாருங்கள். தொடாத மூலப் படங்களை நீக்கிவிடுங்கள். அவை மைன்கிராஃப்ட்டை உருவாக்கிய மோஜாங் நிறுவனத்தின் சொத்து. கோப்புறைக்குள் போய், அசெட்ஸையும் குறிப்புக் கோப்பையும் சேர்த்துத் தேர்ந்தெடுத்து சிப் செய்யுங்கள். வெளிக் கோப்புறையைச் சிப் செய்தால் ஒரு மட்டம் கூடிப்போய்ப் பட்டியலில் வராது. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் சிப்பை டாக்குமென்டாக அனுப்புங்கள். தனிப் படத்தைப் போட்டோவாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கி ஜேபெக் ஆக்கிவிடும், ஒளிபுகும் பின்னணி போய்விடும்.

பேக் உங்கள் கணினியில் மட்டும்தான் தெரியும். ஒரே சர்வரில் சேர்ந்து ஆடும் நண்பனிடம் பேக் இல்லையென்றால், உங்கள் கையில் உளி, அவன் கண்ணுக்குக் கோடரி.

கைப்பேசியில் ஆடும் பெட்ராக் பதிப்புக்கு இந்த பேக் நேரடியாக ஏறாது. அங்கே குறிப்புக் கோப்பு மேனிஃபெஸ்ட் என்ற வேறு வகை, கோப்புறையின் பெயர் ஐட்டம்ஸ் என்று பன்மை, சில கோப்புகளின் பெயர்களும் வேறு. வரைந்த படங்கள் வீணாகாது. அவற்றை அந்த அமைப்புக்குள் இடம் மாற்றினால் போதும். ஆட்டத்தை வாங்கும் வசதி இல்லாதவர்கள் லுவான்டியைப் பார்க்கலாம். 2024 வரை மைன்டெஸ்ட் என்ற பெயரில் இருந்த இலவச ஆட்டம் அது. அதன் டெக்ஸ்ச்சர்ஸ் கோப்புறைக்குள் உங்கள் பேக்குக்கு ஒரு கோப்புறை வைத்து, அந்த ஆட்டத்தின் கோப்புப் பெயர்களில் படங்களைப் போட்டாலே ஏறிவிடும். உள்ளே அடுக்கடுக்கான கோப்புறை எதுவும் தேவைப்படாது.